உங்கள் காலுக்கு வாங்கிய சாக்ஸ் அம்மாவின் காலுக்கு ஆகாது

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனக்கு 41 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 12 வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நின்றபடிதான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடது காலில், முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் பச்சையாக நரம்பு புடைத்து முறுக்கிக்கொண்டு தெரிகிறது. சாயங்காலம் கால் கனக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, காலையில் வடிந்துவிடுகிறது. ஆறு மாதமாகக் கணுக்காலுக்கு மேலே அரிப்பு, தோலும் கறுத்துவிட்டது. யானைக்காலாக இருக்குமோ என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். கெட்ட ரத்தம் தேங்கியிருக்கிறது, அட்டை விட்டு எடுக்க வேண்டும் என்கிறார் ஒருவர். லேசரில் அந்தக் குழாயை அடைத்துவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். அடைத்துவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும்? வேலையை விட வேண்டியிருக்குமா? தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று இருக்கிறேன். மருந்துக்கடையில் சொன்னார்கள் என்று இறுக்கமான சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கிப் போடுகிறேன், கொஞ்சம் தேவலை. என் அம்மாவுக்கும் கால் வலி. 68 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விடுகிறது. ராத்திரியில் காலைக் கட்டிலிலிருந்து தொங்கப் போட்டால்தான் தூக்கம் வருகிறது. பெருவிரல் ஓரத்தில் சின்னப் புண், ஒரு மாதமாக ஆறவில்லை. இதே சாக்ஸை அவருக்கும் போட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சாக்ஸை அம்மாவுக்குப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் இதைப் படிக்கும்போதே கழற்றிவிடுங்கள். உங்கள் காலில் கெட்டிருப்பது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய். அம்மாவின் காலில், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பழுதாகியிருப்பது ரத்தத்தைக் கீழே கொண்டுவரும் குழாய். இரண்டு பேருக்கும் கால் வலிதான். ஆனால் உங்களுக்கு இதம் தரும் இறுக்கமான சாக்ஸும், காலை உயரத் தூக்கி வைத்துப் படுப்பதும் அம்மாவுக்குக் கெடுதல்.

நடந்தால் கெண்டைக்கால் பிடிப்பது, நின்றால் சில நிமிடத்தில் விடுவது, இரவில் காலைத் தொங்கப் போட்டால் சுகம், ஒரு மாதமாக ஆறாத விரல் புண். இந்த நான்கையும் ஒரே ஆளிடம், அதுவும் 15 வருடச் சர்க்கரை உள்ளவரிடம் கேட்டால் எந்த ரத்தக்குழாய் மருத்துவரும் உடனே வரச் சொல்வார். உங்கள் கால் தீபாவளி முடியும்வரை பொறுக்கும். அம்மாவின் கால் பொறுக்காது. இந்த வாரத்துக்குள் அழைத்துப் போங்கள். விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், புண்ணில் சீழோ நாற்றமோ வந்து காய்ச்சலும் சேர்ந்தால், அல்லது கால் திடீரென்று சில்லிட்டு மரத்துப்போனால், வாரக்கணக்கே வேண்டாம். அன்று இரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது குழாய்களின் அமைப்பைப் பார்த்தால் புரிந்துவிடும்.

இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்பவை தமனிகள். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அது முதலில் பாயும் மகாதமனி ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ளது. அங்கிருந்து கிளை பிரிந்து பிரிந்து வயிறு, தொடை, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் தாண்டிக் கணுக்காலுக்கு வரும்போது தமனியின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான்.

தமனிச் சுவரில் மூன்று அடுக்கு. ரத்தம் தொடுகிற பக்கத்தில் ஒற்றை வரிசைச் செல்களால் ஆன வழவழப்பான உட்படலம். நடுவில் தசையும் மீள்நாரும் சேர்ந்த தடித்த அடுக்கு. வெளியே உறையாக இணைப்புத் திசு. பெரிய தமனிகளில் மீள்நார் அதிகம். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது அவை விரிந்து கொடுக்கும், இதயம் இளைப்பாறும்போது தானாகச் சுருங்கி அந்த ரத்தத்தை முன்னே நகர்த்தும். பி.பி. பார்க்கும்போது 120/80 என்கிறார்களே, அந்தக் கீழ் எண் பூஜ்ஜியத்துக்குப் போகாமல் 80-இல் நிற்பதற்கு இந்த மீள்தன்மையும், கீழே சிறு தமனிகள் தரும் தடையும்தான் காரணம். தமனி சிறுக்கச் சிறுக்க நார் குறைந்து தசை கூடும். சாப்பிட்ட பிறகு குடலுக்கு எவ்வளவு, படியேறும்போது காலுக்கு எவ்வளவு என்று ரத்தத்தைப் பங்கிடுவது அந்தத் தசையின் வேலை.

அந்த உட்படலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து பக்கத்திலுள்ள தசையைத் தளர்த்துகிறது, குழாய் விரிகிறது. இதைக் கண்டறிந்ததற்காக 1998-இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை, புகையிலை, உயர் ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு எல்லாமே முதலில் காயப்படுத்துவது இந்தப் படலத்தைத்தான். காயப்பட்ட இடத்தில் கொழுப்பு உள்ளே புகுந்து திட்டாகப் படிகிறது, வருடக்கணக்கில் அது தடிக்கிறது, குழாய் உள்ளுக்குள் குறுகுகிறது. சர்க்கரைக்காரர்களுக்கு இது குறிப்பாக முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய தமனிகளில் நடக்கும். போதாததற்கு நடு அடுக்கில் சுண்ணாம்பும் படிந்து சுவர் விறைத்துவிடும்.

குழாய் பாதியாகக் குறுகினால் ரத்தமும் பாதியாகக் குறையும் என்று நினைப்போம். கணக்கு அப்படியில்லை. உள்விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். 1840-களில் புவாசெய் என்ற பிரெஞ்சு மருத்துவர் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அளந்து சொன்ன விதி இது. உடலுக்குள் மாற்று வழிகள் இருப்பதால் கொஞ்சம் சமாளிக்கும். அதனால்தான் அம்மாவுக்கு உட்கார்ந்திருக்கும்போது வலி தெரிவதில்லை. நடக்கும்போது கெண்டைத் தசை பல மடங்கு ரத்தம் கேட்கிறது, வர வழியில்லை, பிடித்துக்கொள்கிறது. நின்றதும் தேவை குறைகிறது, வலி விடுகிறது. இரவில் படுத்தால் பாதமும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. தொங்கப் போட்டால் புவியீர்ப்பு கொஞ்சம் ரத்தத்தைக் கீழே இழுத்துக் கொடுக்கிறது. அம்மா தூக்கத்துக்காகக் கண்டுபிடித்த வழி அவர் காலின் நிலைமையை அப்படியே சொல்லிவிடுகிறது: ஓய்வில்கூட ரத்தம் போதவில்லை.

இந்தக் காலை வெளியிலிருந்து 20, 30 மி.மீ. (பி.பி. அளக்கும் அதே பாதரச அளவு) அழுத்தத்தில் சாக்ஸ் இறுக்கினால், தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருக்கும் ரத்தமும் தோலுக்குப் போய்ச் சேராது. சாக்ஸின் மடிப்பு பதிந்த இடத்தில் தோல் கறுத்து வந்த கால்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முதல் வரியிலேயே அப்படி எழுதினேன். சூடான ஒத்தடம், வெந்நீரில் காலை ஊற வைப்பது, வெறுங்காலோடு நடப்பது, கால் ஆணியை பிளேடால் சீவுவது எதுவும் வேண்டாம். சர்க்கரையால் உணர்ச்சி மரத்த காலுக்குச் சுடுவதும் தெரியாது, வெட்டுவதும் தெரியாது. புண்ணைச் சுத்தமான உலர்ந்த துணியால் தளர்வாக மூடிக் கூட்டிப் போங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் அவருக்கு இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நிக்கோடின் தமனியை மேலும் சுருக்கும்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து மேலே ஏறி, பாதத்தின் நடு முதுகில் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். அங்கே ஒரு நாடித் துடிப்பு உண்டு. கணுக்காலின் உள்குமிழுக்குப் பின்னால் இன்னொன்று. உங்கள் காலில் தேடிப் பழகிவிட்டு அம்மாவின் காலில் பாருங்கள். நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களிலும் சிலருக்குப் பாதத்தின் மேல் நாடி கைக்கு அகப்படாது. ஆகவே கிடைக்காவிட்டால் பயந்துவிட வேண்டாம். கிடைத்துவிட்டாலும் புண் இருக்கும்வரை மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவமனையில் கணுக்காலின் ரத்த அழுத்தத்தையும் கையின் ரத்த அழுத்தத்தையும் அளந்து வகுத்துப் பார்ப்பார்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது, 0.9-க்குக் கீழே போனால் தமனி அடைப்பு. அம்மா விஷயத்தில் இதில் ஒரு பொறி இருக்கிறது. சுண்ணாம்பு படிந்து விறைத்த தமனியைக் கருவியின் பட்டையால் நசுக்க முடியாது. அதனால் கணக்கு பொய்யாக உயர்ந்து, சிலருக்கு 1.4-க்கும் மேலே போய், அடைப்பே இல்லாததுபோல் காட்டும். சர்க்கரைக்காரர்களுக்குக் கால்விரலில் அழுத்தம் பார்ப்பது அதற்காகத்தான். "எண் நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொல்லி அனுப்பினால், "விரலில் பார்த்தீர்களா, டாப்ளர் வேண்டுமா" என்று கேளுங்கள். டாப்ளர் என்பது குழாய்க்குள் ரத்தம் ஓடுவதைக் காட்டும் ஸ்கேன். கேட்பதில் தவறே இல்லை. அடைப்பு எங்கே என்று தெரிந்தால் பலூன் வைத்து விரிக்கலாம், ஸ்டென்ட் வைக்கலாம், அல்லது பைபாஸ் செய்யலாம். ரத்தம் வந்து சேர்ந்தால் புண் ஆறும். ரத்தம் வராத இடத்தில் எந்த மருந்தைப் பூசினாலும் ஆறாது.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் தொடங்கலாம். அங்கிருந்து தேவைப்பட்டால் சிதம்பரத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ எழுதிக் கொடுப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போய், எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்று அங்கே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கால்.

தமனிகள் கடைசியில் தலைமயிரைவிட மெல்லிய தந்துகிகளாக முடிகின்றன. தந்துகியின் சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான். அகலம் ஒரு சிவப்பணு நுழையும் அளவு, சில இடங்களில் சிவப்பணு மடிந்து நெளிந்துதான் போகும். ரத்தம் அங்கே நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஊர்கிறது. அந்த நிதானத்தில்தான் ஆக்சிஜனும் சத்தும் திசுவுக்குள் இறங்குகின்றன, கழிவு ரத்தத்துக்குள் ஏறுகிறது, கொஞ்சம் நீரும் வெளியே கசிகிறது. இந்தக் கசிவை நினைவில் வையுங்கள், உங்கள் கணுக்கால் வீக்கம் அதிலிருந்துதான் வருகிறது.

தந்துகிகள் ஒன்றுகூடிச் சிரைகளாகின்றன. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள் இவைதான், நீங்கள் நரம்பு என்று எழுதியிருப்பதும் இதைத்தான். சிரைக்கும் அதே மூன்று அடுக்குதான். ஆனால் நடு அடுக்கு மெல்லியது, சுவர் தளர்ந்தது, அதனால் நிறைய ரத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். உடம்பிலுள்ள ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கத்தில் எந்த நேரத்திலும் சிரைகளில்தான் இருக்கிறது. தந்துகியைக் கடந்து வந்த பிறகு இதயத்தின் உந்துதலில் மிச்சம் கொஞ்சம்தான். நீங்கள் கடையில் நிற்கும்போது உங்கள் கணுக்காலுக்கும் இதயத்துக்கும் நடுவே ஏறக்குறைய நான்கடி உயரத்துக்கு ரத்தம் நிற்கிறது. அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மி.மீ. வரை ஏறும். அந்த ரத்தத்தை மேலே ஏற்றுவது உங்கள் கெண்டைக்கால் தசை. அடி எடுத்து வைக்கும்போது தசை சுருங்கி, உள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது. தசை தளரும்போது அது திரும்ப இறங்கிவிடாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. நல்ல காலாக இருந்தால் ஏழெட்டு அடி நடப்பதற்குள் கணுக்கால் அழுத்தம் 30-க்கும் கீழே வந்துவிடும்.

வால்வு என்பது சிரைச் சுவரின் உள்ளே எதிரெதிராகத் தைத்த இரண்டு சட்டைப் பைகள் போன்றது, பையின் வாய் மேல்நோக்கி இருக்கும். ரத்தம் மேலே போகும்போது பைகள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கீழே இறங்கப் பார்த்தால் பை நிரம்பி, இரண்டும் நடுவில் சேர்ந்து வழியை அடைத்துவிடும்.

இதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கையைக் கொஞ்ச நேரம் தொங்கப் போட்டால் முன்கையில் சிரைகள் புடைக்கும். மணிக்கட்டுப் பக்கம் ஒரு சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அதே சிரையை முழங்கைப் பக்கமாக ஓர் இரண்டு மூன்று அங்குலம் வழித்துவிட்டு, அந்த இரண்டாவது விரலை எடுங்கள். வழித்த இடம் காலியாகவே இருக்கும், மேலே இருக்கும் ரத்தம் இறங்கி வராது. கீழே அழுத்திய விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பும். 1628-இல் வில்லியம் ஹார்வி தன் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியது இதைத்தான். ரத்தம் ஒரே திசையில் சுற்றி வருகிறது என்பதற்கு அவர் வைத்த சான்றுகளில் இது ஒன்று. அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் 1603-லேயே இந்த வால்வுகளை விவரித்து எழுதியிருந்தார், அவை எதற்காக என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஹார்விக்கும் ஒரு கண்ணி கிடைக்காமல் இருந்தது: தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படித் தாண்டுகிறது? 1661-இல் மால்பிகி என்ற இத்தாலியர் நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலைப் பார்த்துத் தந்துகிகளைக் கண்டுபிடித்தார், வட்டம் முழுமையானது. மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு நான் இன்றைக்கும் முதலில் செய்து காட்டுவது இந்த விரல் சோதனையைத்தான். கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிமிடம் போதும், பார்த்தவர் மறக்கமாட்டார்.

உங்கள் காலில் அந்தப் பைகள் சேரவில்லை. கணுக்காலின் உள்பக்கத்தில் தொடங்கி, கெண்டைக்கால், தொடை இரண்டின் உள்பக்கமாகத் தோலுக்கு அடியிலேயே ஏறி, தொடை இடுக்கில் ஆழச் சிரையோடு சேரும் ஒரு நீண்ட சிரை உண்டு. நீங்கள் சொல்லும் இடத்தை வைத்துப் பார்த்தால் அதுவோ அதன் கிளையோதான். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்தும், உடம்பில் ரத்தத்தின் அளவே பாதிக்குப் பாதி கூடும், வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்தும். சிரை விரிந்தால் இரண்டு பைகளும் எட்டிச் சேர முடியாது. ஒரு வால்வு கெட்டால் அதன் பாரம் அடுத்ததற்கு இறங்குகிறது, அதுவும் நாளடைவில் விரிகிறது. அதன் மேல் 12 வருட நிற்கும் வேலை. தசை வேலை செய்யாமல் ஒரே இடத்தில் நிற்பதைப் போலச் சிரைக்குக் கெடுதல் வேறில்லை. நடையில் எந்தத் தோஷமும் இல்லை, தாராளமாக நடங்கள்.

அழுத்தம் இறங்காத சிரையிலிருந்து நீர் கசிகிறது, மாலையில் வீங்குகிறது. சிவப்பணுக்களும் கசிந்து உடைந்து, அவற்றிலிருந்த இரும்பு தோலுக்கு அடியில் தங்குகிறது. கணுக்காலுக்கு மேலே கறுப்பும் அரிப்பும் அதனால்தான். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது முறுக்கிய சிரைகளைவிட இந்தக் கறுப்புத்தான். அடுத்த கட்டம் அங்கே புண். சொறியாதீர்கள். இரவில் சாக்ஸைக் கழற்றிய பிறகு தேங்காய் எண்ணெய் தடவி ஈரப்பசையோடு வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி வரை பொறுக்கும் என்றேன், அடுத்த தீபாவளி வரை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கெட்ட ரத்தம் என்று அங்கே எதுவும் இல்லை. சிரை ரத்தம் கருஞ்சிவப்பாக இருப்பது ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் திசுக்கள் எடுத்துக்கொண்டதால். அப்போதும் ஓய்வில் முக்கால் பங்கு ஆக்சிஜன் அதில் மிச்சம் இருக்கும். அட்டையை விட்டு எவ்வளவு எடுத்தாலும், வால்வு கெட்ட குழாயில் அடுத்த நொடியே மேலிருந்து ரத்தம் இறங்கி நிரப்பிவிடும். உங்களுக்கு மிஞ்சுவது ஏற்கெனவே நலிந்த தோலில் ஒரு கடிவாய்ப் புண்.

யானைக்கால் பயம் நம் பகுதியில் இருப்பது இயல்புதான். கடலூர், புதுச்சேரி இரண்டிலும் அந்த நோய் இருந்திருக்கிறது. இரவில் வீடு தேடி வந்து விரலில் ரத்தம் எடுத்துப் போனதும், டி.இ.சி. மாத்திரை கொடுத்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். புதுச்சேரியில் 1975-இல் தொடங்கிய கொசு ஆராய்ச்சி நிலையம், நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவைப் பற்றி இந்த ஊர்ச் சாக்கடைகளை வைத்தே நிறைய வேலை செய்திருக்கிறது. ஆனால் அது மூன்றாவது வகைக் குழாயின் நோய். தந்துகியிலிருந்து கசிந்த நீரில் மிஞ்சுவதைச் சேகரித்துக் கழுத்தடிச் சிரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிணநீர்க் குழாய்கள் என்று தனியாக உண்டு. யானைக்கால் புழு குடியிருந்து கெடுப்பது அவற்றை. அந்த வீக்கம் பாதத்தின் மேல்புறமும் விரல்களும் சேர்ந்து வீங்கும், நாளாக நாளாகக் காலையிலும் வடியாது, இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில் மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்க வராது. உங்களுக்கு விரல்கள் வீங்கவில்லை என்றால், காலையில் வடிகிறது என்றால், புடைத்த சிரையும் தெரிகிறது என்றால், யானைக்காலை மறந்துவிடுங்கள்.

அடுத்து, அடைத்துவிட்டால் ரத்தம் எப்படிப் போகும் என்ற கேள்வி. மிக நல்ல கேள்வி, லேசருக்கு முன்னால் எல்லோரும் கேட்க வேண்டியது. காலிலிருந்து மேலே போகும் ரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழச் சிரைகள் வழியாகத்தான் போகிறது. தோலுக்கடியில் இருப்பது துணைவழி. உங்கள் காலில் அந்தத் துணைவழி மேலே கொண்டுபோவதை விட்டுவிட்டு, மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. அதை மூடினால் ரத்தம் ஆழச் சிரைக்குத் திரும்பும், காலின் பாரம் குறையும். இதய பைபாஸ் அறுவையில் இதே நீண்ட சிரையைத்தான் காலிலிருந்து எடுத்து இதயத்தில் தைக்கிறார்கள். 1967-இல் ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா மருத்துவர் பரவலாக்கிய முறை அது. சிரை எடுக்கப்பட்ட காலோடு எத்தனையோ பேர் நன்றாக நடமாடுகிறார்கள். ஒரே நிபந்தனை, ஆழச் சிரைகள் திறந்திருக்க வேண்டும். முன்பு எப்போதாவது அவற்றில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தால், மேலே தெரியும் சிரைதான் காலுக்கு இருக்கும் வழியாகவே இருக்கலாம். அதை மூடக் கூடாது. ஆகவே டாப்ளர் ஸ்கேன் எடுக்காமல் லேசருக்குத் தேதி கொடுப்பவரிடம் போகாதீர்கள். ஸ்கேனில் சிரையின் பின்னோட்டத்தை நிற்க வைத்துப் பார்ப்பதுதான் சரி. படுக்க வைத்து மட்டும் பார்த்தால் தப்பிவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நீங்களும் அம்மாவும் ஒரே நாளில் போனால் இரண்டு சீட்டிலும் "டாப்ளர்" என்றுதான் இருக்கும். உங்கள் சீட்டில் வீனஸ், அதாவது சிரை என்றும், அம்மாவின் சீட்டில் ஆர்ட்டீரியல், அதாவது தமனி என்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றி எடுத்துவிட்டு இரண்டாம் முறை பணம் கட்டுகிறவர்கள் உண்டு.

நீங்கள் போடும் சாக்ஸ் சரிதான், தொடருங்கள். அளவு மட்டும் காலையில், வீக்கம் இல்லாதபோது கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்கியதாக இருக்க வேண்டும். படுக்கையை விட்டு இறங்கி நின்று வேலை தொடங்கும் முன்பே போட்டுவிட்டு, இரவு படுக்கும்போது கழற்றுங்கள். முழங்காலுக்குக் கீழே மேல்விளிம்பு சுருண்டு கயிறாக இறுக்கவிடாதீர்கள், அது ரத்தத்தைக் கீழேயே தேக்கிவிடும். கடலூர்ப் புழுக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் அதைப் போட்டிருப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். கடை நேரத்துக்கு மட்டுமாவது விடாமல் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பதினைந்து நிமிடம் பாதம் இதயத்தைவிட உயரமாக இருக்கும்படி படுங்கள். கால்மாட்டுப் பக்கத்தில் கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு செங்கல் வைத்துக்கொள்ளலாம், உங்கள் கட்டிலுக்கு மட்டும்.

இரண்டு அவசரங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முறுக்கிய சிரை அடிபட்டோ சொறிந்தோ உடைந்தால் ரத்தம் பீய்ச்சும். உடனே தரையில் படுத்து, காலை மேலே தூக்கி, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுகொண்டு கட்டுப் போட முயன்றால் நிற்காது. மேலே கயிறு கட்டக் கூடாது. மற்றொன்று, ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்காலில் வலி வந்தால் அது ஆழச் சிரையில் ரத்தக்கட்டாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடவே கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வரும், உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேலையை விட வேண்டாம். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடைப் பணியாளர்கள் வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. கடலூரில் உங்கள் கடைக்கும் பொருந்தும். முதலாளியிடம் தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், உங்களோடு நிற்கும் மற்றப் பெண்களையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களில் எத்தனை பேர் பாவாடைக்குள் இதே காலை மறைத்துக்கொண்டு நிற்கிறார்களோ. வாடிக்கையாளர் சேலை பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், அரை மணிக்கு ஒரு முறை இருபது தடவை. வெளியே யாருக்கும் தெரியாது, கெண்டைத் தசை பிழிய வேண்டியதைப் பிழிந்துவிடும். சரக்கு எடுக்க மாடிக்கு யாராவது போக வேண்டும் என்றால் நீங்களே போய் வாருங்கள்.

லேசரோ ரேடியோ அலைச் சிகிச்சையோ, பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்வதுதான். அன்றே நடக்கச் சொல்வார்கள், சில நாளில் வேலைக்குத் திரும்பலாம். தீபாவளி முடிந்து கடையில் கூட்டம் குறையும் வாரத்தில் வைத்துக்கொண்டால் விடுப்பு கேட்பதும் சுலபம். ஸ்கேனை மட்டும், அம்மாவை அழைத்துப் போகும் அதே நாளில் நீங்களும் எடுத்துவிடுங்கள்.